ஃப்ளைட் மோடு போட்டதும் அப்பாவின் காது மிஷின் போனிலிருந்து துண்டித்துக்கொள்கிறது, விமானத்தில் என்ன செய்வது?

ஜன்னலோரம்:
அப்பாவோடு ஒரு நீண்ட விமானப் பயணம் வருகிறது. அவர் இரண்டு காதிலும் ப்ளூடூத் உள்ள காது மிஷின் போட்டிருக்கிறார். போன் பேசுவது, படம் பார்ப்பது எல்லாம் அதன் வழியாகத்தான். வீட்டில் ஒத்திகை பார்த்தபோது, ஃப்ளைட் மோடு போட்ட உடனே இணைப்பு போய்விட்டது. ப்ளூடூத்தை மட்டும் திரும்பப் போடலாமா? முன்பு ஒரு விமானத்தில் ‘வயர்லெஸ் எதுவும் கூடாது’ என்றார்கள், இன்னொன்றில் யாரும் கண்டுகொள்ளவே இல்லை. மிஷினையே கழற்றச் சொல்லிவிட்டால் அவருக்கு அறிவிப்புகூடக் கேட்காது. அப்புறம், இருக்கைக்கு முன்னால் இருக்கும் திரையின் ஒலியை மிஷினுக்குக் கொண்டுவர வழி உண்டா?

வால்வரிசை:
ஃப்ளைட் மோடு போட்ட பிறகு ப்ளூடூத் பட்டனைத் தனியாகத் தொட்டு ஆன் செய்யுங்கள். செல் சிக்னல் அணைந்தேதான் இருக்கும். ஒருமுறை இப்படிச் செய்தால் பல போன்கள் நினைவில் வைத்துக்கொள்ளும், அடுத்த தடவை ப்ளூடூத்தைத் தொடாது.

ஜன்னலோரம்:
செய்து பார்த்தேன், இணைகிறது. நன்றி. என் பயம் அனுமதி பற்றித்தான்.

ஏவியானிக்ஸ்காரன்:
விமானங்களின் மின்னணுக் கருவிகளைப் பராமரிப்பது என் வேலை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஃப்ளைட் மோடு முதலில் குறிவைப்பது செல் ரேடியோவை. பழைய ஜிஎஸ்எம் போன், கோபுரம் எட்டாவிட்டால் 2 வாட் வரை சக்தியைக் கூட்டும். பக்கத்தில் ஸ்பீக்கர் இருந்தால் ‘டிர்ர்ர்’ என்று இரையுமே, அந்த இரைச்சல் விமானியின் ஹெட்செட்டிலும் கேட்கும். காதில் மாட்டும் ப்ளூடூத் கருவிகளோ சில மில்லிவாட்டோடு நின்றுவிடும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையம் 1991ல் பறக்கும் விமானத்தில் செல்போனுக்குத் தடை போட்டது முக்கியமாகத் தரையிலுள்ள நெட்வொர்க்குக்காகத்தான். உயரத்திலிருந்து ஒரு போன் ஒரே நேரத்தில் பல கோபுரங்களைத் தொட்டுக் குழப்பும்.

2013 அக்டோபரில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், புறப்படும் வாசலிலிருந்து இறங்கும் வாசல் வரை கையடக்கக் கருவிகளைப் பயன்படுத்த வழிவிட்டது. ப்ளூடூத்தும் அதில் சேர்த்தி. ஐரோப்பாவும் விரைவில் தளர்த்தியது. ஆனால் தங்கள் விமானங்கள் இந்த அலைகளைத் தாங்கும் என்று ஒவ்வொரு நிறுவனமும் சோதித்துக் காட்ட வேண்டும். எனவே நிறுவனத்துக்கு நிறுவனம், விமான வகைக்கு விமான வகை விதி மாறும். உங்களுக்கு இரண்டு விதமாகச் சொன்னதன் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

சும்மாகேட்டேன்:
இத்தனை பேர் போனை அணைக்காமல் வைத்திருக்கிறார்கள், ஒரு விமானமும் விழவில்லையே? எல்லாம் சடங்குதான்.

ஏவியானிக்ஸ்காரன்:
ஒரு போனால் விமானம் விழும் என்று நான் சொல்லவில்லை. பனிமூட்டத்தில் ஓடுபாதை தெரியாமல் கருவிகளை மட்டும் நம்பி இறங்கும் நேரம் வேறு. ரேடியோ உயரமானி 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸில் தரையைத் தட்டித் திரும்பும் அலையை வைத்து உயரத்தைக் கணக்கிடுகிறது. அப்படிப்பட்ட தரையிறக்கத்தில் கேப்டன் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னால் அணைத்துவிட வேண்டும், வாதம் வேண்டாம். (2022ல் அமெரிக்காவில் 5ஜி அலை இந்த உயரமானியைக் குழப்பும் என்று எழுந்த கூச்சல் தரைக் கோபுரங்களைப் பற்றியது. அதைப் பயணியின் போனோடு போட்டுக் குழப்பாதீர்கள்.)

செவிவழி:
மிஷினைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள், கவலை வேண்டாம். அமெரிக்க விதியில் தடையிலிருந்து பெயர் சொல்லி விலக்கியவற்றில் காது கேட்கும் கருவியும் பேஸ்மேக்கரும் உண்டு. கூடவே மின்சார ஷேவர்! யார் கேட்டு வாங்கினார்களோ. வயர்லெஸை அணைத்தே ஆக வேண்டும் என்றாலும் பல மிஷின்களில் அதற்கென்றே தனி ஃப்ளைட் மோடு உண்டு. அலை நிற்கும், ஒலிபெருக்கம் நடந்துகொண்டே இருக்கும். எந்தப் பட்டன் என்று கருவி பொருத்தியவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். லித்தியம் பேட்டரி உள்ள சார்ஜ் டப்பா என்றால் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் போடாதீர்கள்.

திரை விஷயத்தில்தான் சிக்கல். பல திரைகளில் இன்னமும் 3.5 மி.மீ. துளைதான். அதில் செருகும் சின்ன ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர் கடையில் கிடைக்கும், ஆனால் அவசரப்பட்டு வாங்காதீர்கள். அது சாதாரண ஹெட்போனுக்கான ப்ளூடூத். காது மிஷின்கள் பலவும் குறைந்த மின்சக்தி வகையில் போனோடு மட்டும் பேசுபவை, டிரான்ஸ்மிட்டரைக் கண்டுகொள்ளாது. காதை முழுதும் மூடும் வயர் ஹெட்போனை மிஷினுக்கு மேலேயே வைத்துப் பார்க்கலாம். விசில் அடித்தால் சற்று விலக்கி வையுங்கள். எனக்குக் கேட்டால் படங்களைப் போனிலேயே இறக்கிக்கொண்டு போவதுதான் நிம்மதி.

வால்வரிசை:
இடையில் ஒன்று. சில விமானங்களில் உள்ளேயே செல் சேவை இருக்கிறது. ஃப்ளைட் மோடு போடாமல் விட்டால் போன் தானாக அதில் ஒட்டிக்கொள்ளும், ரோமிங் பில் தீட்டிவிடும்.

ஜன்னலோரம்:
விமான நிறுவனத்துக்கு மெயில் போட்டேன், பதில் வந்துவிட்டது. ஃப்ளைட் மோடில் ப்ளூடூத் பயணம் முழுக்கச் சரியாம். ஏறும்போதும் இறங்கும்போதும் பெரிய ஹெட்போன் மட்டும் கூடாது. திரையில் ப்ளூடூத் கிடையாது. படங்களை இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

செவிவழி:
அந்த மெயிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போனில் வையுங்கள். ஊழியர் யாராவது தயங்கினால் காட்டலாம்.