கிரைண்டருக்குள்ள தீப்பொறி, கருகின வாசம் – அவசரம்

தஞ்சை_கேட்ஒர்க்:
அண்ணே யாராவது சொல்லுங்க. இரும்பு அறுக்கற கை கிரைண்டர்ல பொறி பறக்குது, கருகின வாசமும் வருது. கார்பன் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கற பிரஷ்) போன வாரம்தான் மாத்துனேன். ஆர்மேச்சர் (மோட்டாருக்குள்ள சுத்தற காயில்) போயிடுச்சா? காயில் திரும்பக் கட்ட ரீவைண்டிங் கொடுக்கவா, புதுசே வாங்கிடவா? நாளைக்கு கேட் மாட்டணும்.

மதுரை_வயர்மேன்:
ஜங்ஷன் பாக்ஸ் ஒயர் எவ்வளவு நீளம்? 1 ஸ்கொயர் (1 சதுர மி.மீ.) ஒயர்ல ஓட்டுனா வோல்டேஜ் இறங்கி இப்படித்தான் ஆகும். 2.5 போடுங்க, சரியாயிடும்.

காயில்கடை:
பொறி எங்கேருந்து வருது? பின்பக்கக் காத்து ஓட்டைக்குள்ள கார்பன் ஓரமா நீலமா லேசா தெரிஞ்சா பயமில்ல. கம்யூட்டேட்டரை (கார்பன் உரசற செப்பு உருளை) சுத்தி வளையமா எரிஞ்சா ஆர்மேச்சர் ஷார்ட். ப்ளக்கைப் புடுங்கிட்டு கார்பனை வெளிய எடுங்க. கம்யூட்டேட்டர்ல ஏதாவது ஒரு செப்புக் கட்டை மட்டும் கருத்திருக்கா பாருங்க. எமரி பேப்பர் போட்டுத் தேய்க்காதீங்க, அந்தத் தூள் கட்டைகளுக்கு நடுவுல போய் உக்காந்துக்கும்.

பழைய_டர்னர்:
எத்தனை இன்ச் மெஷின், எத்தனை வாட், என்ன அறுத்தீங்க, கார்பன் அந்த மாடலுக்கு உள்ளதுதானா, ஒண்ணும் எழுதல. "அவசரம்"னு மட்டும் வருது. இதே கேள்விக்கு நானே எத்தனையோ தடவை பதில் எழுதியாச்சு, தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. வயர்மேன் தம்பிக்கு ஒரு கணக்கு: 850 வாட் மெஷின் 4 ஆம்பியர் கூட இழுக்காது. 30 மீட்டர் 1 ஸ்கொயர் செம்பு ஒயர்ல குறையறது நாலஞ்சு வோல்ட். அதுக்கெல்லாம் கார்பன் பொறி விடாது.

மதுரை_வயர்மேன்:
கடையில விக்கிறது எல்லாம் முழு செம்பா? சுருட்டி வச்ச நிலையிலயே ஓட்டி ஒயர் உருகுனத நான் பார்த்திருக்கேன்.

தஞ்சை_கேட்ஒர்க்:
பொறி பின்பக்க ஓட்டைக்குள்ளதான். 4 இன்ச், 850 வாட். கார்பன் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது. 2 இன்ச் சதுர பைப்பைச் சீக்கிரம் அறுக்க 5 இன்ச் வீல் போட்டிருக்கேன். அதுலேருந்து கொஞ்சம் அதிருது, மத்தபடி நல்லாத்தான் அறுக்குது.

சைட்_சேஃப்டி_துபாய்:
தம்பி, 4 இன்ச் மெஷினோட கார்டுக்குள்ள (வீலை மூடற தடுப்பு) 5 இன்ச் வீல் நுழையாதே. கார்டு எங்க?

தஞ்சை_கேட்ஒர்க்:
இடிக்குதுன்னு கழட்டிட்டேன். கார்பனைப் பத்திச் சொல்லுங்கண்ணே.

சைட்_சேஃப்டி_துபாய்:
கார்பன் அப்புறம். முதல்ல மெஷினை நிறுத்துங்க, கெஞ்சிக் கேக்கறேன். நிமிஷத்துக்கு 11,000 சுத்துல 5 இன்ச் வீலோட விளிம்பு மணிக்கு 250 கி.மீ.க்கு மேல போகுது. வீல் உடைஞ்சா துண்டு அதே வேகத்துல வரும், உங்க முகத்துக்கும் அதுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல.

ஊர்_வெல்டர்:
ரொம்பப் பயமுறுத்தாதீங்க. 5 இன்ச் வீல்ல 12,200 ஆர்பிஎம்னு அடிச்சிருக்கு, மெஷின் 11,000தான். எங்க பட்டறைல எல்லாரும் போடறாங்க. 7 இன்ச் போட்டாத்தான் தப்பு, அது 8,500க்கு மேல தாங்காது.

சைட்_சேஃப்டி_துபாய்:
ஆர்பிஎம் சரி. ஓட்டை? 4 இன்ச் வீல் ஓட்டை 16 மி.மீ., 5 இன்ச்சுக்கு 22 மி.மீ. மெஷின் ஃபிளேஞ்ச் (வீல் உக்கார்ற வளையம்) 16க்குத்தான் இருக்கு. நடுவுல உக்காராத வீலை நட்டு மட்டும் இறுக்கிப் புடிச்சிட்டிருக்கு. எல்லாரும் போடறாங்கன்னா எல்லார் கண்ணும் ஆபத்துல இருக்குன்னு அர்த்தம்.

ஊர்_வெல்டர்:
வாஷர் போட்டு சென்டர் பண்ணிக்கலாம். கார்டோட மூலையில எப்படி அறுப்பீங்க? சைட்டுக்கு வந்து பாருங்க.

சைட்_சேஃப்டி_துபாய்:
கார்டைத் திருப்பி வச்சு அறுக்கலாம். 2 இன்ச் பைப்பை நாலு பக்கமும் புரட்டி 4 இன்ச் வீல்லயே அறுக்கலாம். ரெண்டு நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான்.

காயில்கடை:
சண்டை போதும். தம்பி கேட்டதுக்கு விடையும் அதுலயே இருக்கு. சென்டர் விலகுன வீல் அதிரும். அந்த அதிர்வுல கார்பன் கம்யூட்டேட்டர் மேல ஒழுங்கா உக்காராம குதிக்கும், குதிக்கறப்பல்லாம் பொறி. அப்படியே விட்டா பேரிங் போகும், அப்புறம் ஆர்மேச்சரும் போகும். பழையபடி 4 இன்ச் வீலைப் போட்டு லோடு இல்லாம ஓட விடுங்க. அப்பவும் பொறி வந்தா கார்பனை ஹோல்டர்ல விட்டுப் பாருங்க, தானா வழுக்கி இறங்கணும். அளவு மாறின கார்பன் சிக்கிக்கிட்டு நிக்கும். சரியான ஜோடி போட்டதும் பத்து நிமிஷம் சும்மா ஓட்டுனாத்தான் கார்பன் முகம் கம்யூட்டேட்டர்ல படியும். ஒரு பக்கம் மட்டும் மாத்தாதீங்க.

பழைய_டர்னர்:
நான் முதல்லயே கேட்டது இதைத்தான். கார்பன் அந்த மாடலுக்கு உள்ளதுதானா?

மதுரை_வயர்மேன்:
ஒயரையும் ஒரு தடவை பாத்துருங்க.

தஞ்சை_கேட்ஒர்க்:
ஒரு பக்கக் கார்பன் ஹோல்டர்ல மாட்டிக்கிட்டு நின்னுச்சு. மாடல் நம்பர் சொல்லி வேற வாங்கிப் போட்டேன், வீலும் 4 இன்ச். பொறி அடங்கிடுச்சு, அதிர்வும் இல்ல. கேட் மாட்டியாச்சு. நன்றிண்ணே.

சைட்_சேஃப்டி_துபாய்:
சந்தோஷம் தம்பி. கார்டு மாட்டியாச்சா?

காயில்கடை:
மிச்சம் இருக்கற 5 இன்ச் வீலைப் பட்டறைல வைக்காதீங்க, நீங்க இல்லாதப்ப பையன் எடுத்துப் போட்டுடுவான். 5 இன்ச் மெஷின் வச்சிருக்கறவங்களுக்குக் கொடுத்துடுங்க. கொடுக்கறதுக்கு முன்னாடி வீல் நடுவுல இருக்கற இரும்பு வளையத்துல தேதி பாருங்க, தாண்டியிருந்தா உடைச்சுப் போட்டுருங்க.

சைட்_சேஃப்டி_துபாய்:
தம்பி, கார்டு?