கான்கிரீட் அன்று பூட்ஸுக்குள் சிமெண்ட் பால் இறங்கியது, இப்போது கணுக்காலில் கறுப்பாக இருக்கிறது

கேட்டவர்: புதுஹெல்ப்பர்

அண்ணன்மாரே, நேற்று முன்தினம் எங்கள் சைட்டில் ரூஃப் கான்கிரீட். நான் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்குகிற வைப்ரேட்டரைப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன், பதினொரு மணி வாக்கில் கம்பூட்ஸ் மேல்வாய் வழியாகச் சிமெண்ட் பால், அதாவது சிமெண்ட் கரைந்த தண்ணீர், உள்ளே இறங்கிவிட்டது. லேசாக நமநமவென்று இருந்ததே தவிர வலி இல்லை, கான்கிரீட் பாதியில் நிற்கிறதே என்று அப்படியே வேலை பார்த்தேன். சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் தோலோடு ஒட்டி வருகிறது. இப்போது கணுக்காலுக்கு மேலே எட்டணா அளவுக்குக் கறுத்துப்போய், சுற்றிலும் சிவந்திருக்கிறது. மேஸ்திரி தேங்காய் எண்ணெய் போடு என்கிறார், இன்னொருவர் எலுமிச்சை தேய் என்கிறார். எது சரி?

பூச்சுவேலை_22வருஷம்

தம்பி, இரண்டும் வேண்டாம், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. எனக்கு வலது முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஒரு ஹாலுக்குத் தரை போடும்போது காலையிலிருந்து மண்டி போட்டே வேலை, பேண்ட் நனைந்தது தெரியும், அது ஒரு விஷயமாகவே படவில்லை. ராத்திரி எரிச்சலில் எழுந்து உட்கார்ந்தேன். மறுநாள் பார்த்தால் சதை குழிந்திருக்கிறது. மூன்று வாரம் கூலி போச்சு. வலிக்கவில்லை என்று சொல்கிறாய் பார், அதை நம்பித்தான் நானும் ஏமாந்தேன்.

டிரெஸ்ஸிங்அறை

நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். ஈரச் சிமெண்டில் காரத்தன்மை மிக அதிகம், அதைக் காட்டும் பிஹெச் அளவு 12, 13 வரை போகும். தண்ணீர் 7, நம் தோல் 5 சொச்சம். நெருப்பு சட்டென்று சுடும், கையை இழுத்துக்கொள்வோம். இது தோலில் உள்ள கொழுப்பைக் கரைத்து மெதுவாக உள்ளே இறங்குகிறது, தெரிய வரும்போது மணிக்கணக்கு ஓடியிருக்கும். கறுத்த இடம் செத்த தோலாக இருக்கலாம், நீங்களே உரிக்காதீர்கள். எண்ணெய் காரத்தைக் கழுவாது. எலுமிச்சை ஏற்கெனவே வெந்த இடத்தை இன்னும் ரணமாக்கும்.

பட்ட உடனே செய்ய வேண்டியது பூட்ஸ், சாக்ஸ், பேண்ட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுவது. கண்ணில் தெறித்தாலும் இமையைத் திறந்து பிடித்து அப்படித்தான், கழுவிவிட்டு நேரே மருத்துவரிடம் போக வேண்டும். உங்களுக்கு இரண்டு நாள் ஆகிவிட்டது, அதனால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். “சிமெண்ட் பட்டது, இத்தனை மணி நேரம் உள்ளே இருந்தது” என்று தெளிவாகச் சொல்லுங்கள், சும்மா புண் என்று சொல்லாதீர்கள். டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) கடைசியாக எப்போது போட்டீர்கள் என்றும் சொல்லுங்கள்.

சைட்இன்ஜினியர்

பேண்டை பூட்ஸுக்குள் சொருகாதீர்கள், வெளியே விட்டு அடியில் டேப் சுற்றுங்கள், உள்ளே இறங்காது. மாற்றுச் சாக்ஸ் ஒரு ஜோடி கையில் இருக்கட்டும். கழுவுவதற்கென்று தனி டிரம்மில் நல்ல தண்ணீர் வைக்கச் சொல்லி மேஸ்திரியிடம் கேளுங்கள், சட்டியும் கரண்டியும் அலசிய தண்ணீரிலேயே காலைக் கழுவுகிறோம், அதுவும் சிமெண்ட் தண்ணீர்தானே. தோல் கிளவுஸ் ஈரத்தை உறிஞ்சிக் கையோடு பிடித்து வைத்துக்கொள்ளும், ரப்பர் அல்லது நைட்ரைல்தான் நல்லது.

இன்னொன்று, சிமெண்டில் குரோமியம் என்ற உலோகம் இருக்கிறது. அதற்கு ஒருமுறை அலர்ஜி வந்துவிட்டால் அப்புறம் கொஞ்சம் பட்டாலும் கை வெடித்து அரிக்கும், தொழிலையே விட்டவர்கள் உண்டு. ஐரோப்பாவில் 2005 முதல் கரையும் குரோமியம் 2 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 2 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. விரலிடுக்கில் அரிப்பு மாதக்கணக்கில் போகாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

புதுஹெல்ப்பர்

போய்விட்டு வந்தேன் அண்ணே. செத்த தோலை எடுத்துவிட்டுக் கட்டுப் போட்டார்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொன்னார்கள். சைட்டில் சித்தாள் அக்காக்கள் ஆறு பேர் வெறும் செருப்போடு சட்டி தூக்குகிறார்கள், பால் கழுத்து வழியாக வழிகிறது. அவர்களுக்கு என்ன சொல்ல?

டிரெஸ்ஸிங்அறை

சும்மாட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் ஒன்றை விரித்துப் பின்கழுத்து மூடுகிற மாதிரி தொங்கவிடச் சொல்லுங்கள். செருப்புக்குப் பதில் அவர்கள் அளவுக்குக் கம்பூட்ஸ் வாங்கித் தர வேண்டும், ஆண்கள் அளவு தொளதொளவென்று இருந்தால் சாரத்தில் தடுக்கும். ஜாக்கெட் நனைந்தால் சாயங்காலம் வரை காத்திருக்காமல் உடனே மாற்ற ஒரு மறைவிடமும் வேண்டும், மேஸ்திரியிடம் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.