நெல்லிக்காய்ச் சாற்றில் என் பென்சில் மின்முனை காட்டும் 590: நம்பலாமா?

பென்சில்காரி எழுதியது:

வணக்கம். எம்.எஸ்சி. ஆய்வேட்டுக்காக நெல்லிக்காயின் வைட்டமின் சி அளவை மின்முனையால் அளக்கிறேன். கண்ணாடிக்கரி மின்முனை வாங்க எங்கள் துறையில் பணமில்லை. முக்குக் கடையில் வாங்கிய 0.5 மி.மீ. எச்பி பென்சில் லெட்தான் எனக்கு வாய்த்தது. 0.5 மோலார் கந்தக அமிலத்தில் 0.1 மோலார் அனிலினைக் கரைத்து, மைனஸ் 0.2 முதல் 0.9 வோல்ட் வரை பதினைந்து சுற்று ஓட்டினால் லெட்டின் மேல் பச்சையாகப் பாலிஅனிலின் என்னும் மின்கடத்தும் பாலிமர் படிகிறது. வெறும் லெட்டில் 0.35 வோல்ட்டில் பரந்து கிடந்த வைட்டமின் சியின் மின்னோட்ட உச்சம், படலம் ஏறியபின் 0.15க்கு இறங்கி நன்றாக நிமிர்ந்து நிற்கிறது. பிஎச் 7 பாஸ்பேட் பஃபரில், வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனையோடு ஒப்பிட்டு எடுத்த அளவுகள் இவை.

சிக்கல் இரண்டு. ஒரே கரைசலை ஐந்து முறை ஓட்டினால் ஐந்தாவதில் உச்சம் பாதியாகிவிடுகிறது. அடுத்து, சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷனில் 100 கிராம் காய்க்கு 410 மில்லிகிராம் வருகிறது. மின்முனையோ 590 என்கிறது. பழைய உணவு அட்டவணையில் 600 என்று இருப்பதால் நெறியாளருக்கு ஒரே மகிழ்ச்சி. எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது.

கரிப்புகை எழுதியது:

முதல் சிக்கலுக்கு மட்டும் பதில். ஓட்டி முடித்ததும் லெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பச்சை நீலமாகியிருந்தால் படலம் மின்கடத்தும் தன்மையை இழந்துவிட்டது என்று பொருள். பாலிஅனிலினுக்கு அமிலம் வேண்டும். பிஎச் 4ஐத் தாண்டினாலே அது தளர்ந்துவிடும். சிட்ரேட் பஃபரில் பிஎச் 3க்கு வந்துவிடுங்கள். நடுநிலையில்தான் அளக்க வேண்டுமென்றால், படலம் வளரும்போதே பாலிஸ்டைரீன் சல்போனேட்டைச் சேர்க்க வேண்டும். படலத்தின் நேர்மின்சுமையை ஈடுகட்டும் அந்தப் பெரிய எதிரயனி வெளியேற முடியாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். படலம் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

பழைய பியூரெட் எழுதியது:

அம்மா, 590 உங்கள் மின்முனையின் தவறு அல்ல. அது பொய் சொல்லவில்லை; நீங்கள் கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறது. அந்த மின்னழுத்தத்தில் எலெக்ட்ரானை விடக்கூடிய எதுவும் அதற்கு ஒன்றுதான். நெல்லிக்காயின் துவர்ப்பு முழுவதும் டானின். காலிக் அமிலமும் அதன் உறவினர்களும் அஸ்கார்பிக் அமிலத்தின், அதாவது வைட்டமின் சியின், பக்கத்திலேயே ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. போதாததற்கு லெட்டில் ஒட்டிக்கொண்டு பரப்பையும் அடைக்கின்றன.

டைட்ரேஷனிலும் டானின் புகும், ஆனால் மெதுவாக. இளஞ்சிவப்பு 15 விநாடி நின்றதும் நிறுத்திவிட்டால் தப்பிக்கலாம். யோசித்துக்கொண்டே சொட்டுவிட்டால் எண் ஏறிக்கொண்டே போகும்.

இதைப் பிரித்துப் பார்க்கக் காய்கறிக் கடையே போதும். வெள்ளரிக்காய்த் தோலில் வைட்டமின் சியை மட்டும் ஆக்சிஜனேற்றும் அஸ்கார்பேட் ஆக்சிடேஸ் என்னும் நொதி இருக்கிறது. தோலை பிஎச் 6 பஃபரில் அரைத்து, துணியில் வடிகட்டி, பனிக்கட்டியில் வையுங்கள். நெல்லிச் சாற்றையும் பிஎச் 6க்குக் கொண்டுவந்து இதில் கொஞ்சம் விட்டுக் காற்றோடு கலக்குங்கள். நொதிக்கு ஆக்சிஜன் வேண்டும். பத்து நிமிடம் கழித்து அமிலமாக்கி அளங்கள். உச்சத்தில் எவ்வளவு மறைந்ததோ அதுதான் வைட்டமின் சி. கொதிக்கவைத்த வெள்ளரிச் சாற்றை வைத்தும் ஒரு முறை செய்யுங்கள், அதில் எதுவும் மறையக்கூடாது. டானின் நொதியையே முடக்கிவிடலாம் என்பதால், சாற்றில் தெரிந்த அளவு அஸ்கார்பிக் அமிலத்தைச் சேர்த்து அதுவும் மறைகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

காயை எதில் அரைத்தீர்கள் என்று எழுதவில்லையே?

பென்சில்காரி எழுதியது:

வைட்டமின் சி சிதையாமல் காக்கும் 3 சதவீத மெட்டாபாஸ்பாரிக் அமிலத்தில்தான், ஐயா. முதல் வாரம் வெறும் தண்ணீரில் அரைத்தேன். காலையில் இருந்த உச்சம் மாலையில் பாதிகூட இல்லை. அந்தப் பக்கங்களை நோட்டிலிருந்து கிழிக்கவில்லை, மடித்து வைத்திருக்கிறேன்.

கரிப்புகை சொன்னது சரி. லெட் நீலமாகத்தான் இருந்தது. பிஎச் 3இல் ஐந்து ஓட்டமும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. ஆனால் நெல்லிச் சாற்றுக்கு ஒரு லெட், ஒரே ஓட்டம், பிறகு ஒடித்துப் போட்டுவிடுகிறேன்.

வெள்ளரிச் சோதனையை நேற்று செய்தேன். 390 மறைந்தது, 200 அப்படியே நின்றது. கொதிக்கவைத்த சாற்றில் எதுவும் மறையவில்லை. வெளியிலிருந்து சேர்த்த அமிலம் முழுதும் போய்விட்டது. நெறியாளர் வரைபடத்தை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, மீதி 200ஐ என்ன பெயரில் எழுதப்போகிறாய் என்று கேட்டார். காலிக் அமிலத்துக்குச் சமமான அளவு என்று எழுதலாமா? அதற்குத் தனியாக ஓர் அளவீட்டுக் கோடு போட வேண்டுமென்றால் இன்னொரு டப்பா லெட் வாங்க வேண்டும்.