ஸ்னோ குளோப்ல காத்துக் குமிழ்: எடுக்கப் போய் என்ன ஆச்சு?

மேட்டுத்தெரு:
அக்கா வியன்னாவுல இருந்து கொண்டு வந்த ஸ்னோ குளோப். தண்ணி நிரப்பின கண்ணாடி உருண்டை, உள்ள ஒரு பொம்மை, குலுக்கினா பனி மாதிரி பொடி விழும். ரெண்டு வருஷம் ஷோகேஸ்ல சும்மாதான் இருந்துச்சு. போன மே மாசம் பார்த்தா உச்சியில நெல்லிக்காய் அளவு குமிழ். அடிக்கட்டையைக் கழட்டி, ரப்பர் அடைப்பை நெம்பி, குழாய்த் தண்ணியைத் ததும்பத் ததும்ப ஊத்தி, கட்டைவிரலால ஒரே அழுத்து. ‘டிக்’னு ஒரு சத்தம். அவ்வளவுதான். கழுத்துல இருந்து மேல வரைக்கும் முடி மாதிரி ஒரு கோடு. பக்கத்துல நின்ன அக்கா ஒண்ணுமே சொல்லாம அடுக்களைக்குப் போயிட்டா. திட்டியிருந்தாக்கூட மறந்திருப்பேன்.

தயிர்வடை:
குழாய்த் தண்ணி ஏங்க? அதுல கரைஞ்சிருக்கிற காத்தே சூடு ஏறினா குமிழா வரும். கொதிக்க வச்சு ஆறின தண்ணி, இல்லைன்னா பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. நான் பக்கெட்டுத் தண்ணிக்குள்ள முக்கி வச்சே மூடினேன். குமிழ் இல்ல. ஆனா பனி மொத்தமும் பக்கெட்டுக்குப் போயிடுச்சு, உள்ள மான் மட்டும் தனியா நிக்குது. 1900 வாக்குல வியன்னாவுல இதைச் செய்ய ஆரம்பிச்ச எர்வின் பெர்சியே ரவையைப் போட்டுப் பார்த்தாராம்னு படிச்சுட்டு, நானும் ரெண்டு சிட்டிகை போட்டேன். மூணாம் நாள் பொண்ணு கூப்பிடுறா: "அப்பா, மான் உப்புமாக்குள்ள நிக்குது!"

பழைய ரேடியோ:
ரெண்டு பேருமே அவசரப்பட்டுட்டீங்க. தண்ணியை அமுக்க முடியாது தம்பி, அதுக்குப் போக வழி வேணும். ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மெல்லிசான ஊசியைச் சொருகிட்டு அழுத்துங்க. மிச்சத் தண்ணி அது வழியா வெளிய வரும், அப்புறம் ஊசியை உருவிடணும். பனி மெதுவா விழணும்னா கிளிசரின் கலக்கலாம். ஆனா அடிச்சுக் கலக்கினா பொடிக் குமிழ் சிக்கிக்கும். ஒரு ராத்திரி அசையாம வைங்க. வெதுவெதுன்னு ஊத்தி மூடாதீங்க, ஆறினதும் தண்ணி சுருங்கி மறுபடி குமிழ் வரும். மிளகு அளவு குமிழ் இருந்தா விட்டுருங்க, வெயில்ல தண்ணி விரிய இடம் வேணுமில்ல. அப்புறம், வெயில் விழுற ஜன்னல்ல வைக்கவே கூடாது, பூதக்கண்ணாடி மாதிரி திரைச்சீலையைப் பொசுக்கிடும். என் கதையா? ஊசியை உருவ மறந்து நிமிர்த்தினேன். வேட்டி முழுக்க ஜிகினா.

தயிர்வடை:
அண்ணே, ஊசி எத்தனாம் நம்பர்?