டார்ச்சை அணைத்தபின் எனக்கு முன்னால் போனது என்ன? இரவு டைவ், மின்னும் கடல்: உங்கள் அனுபவங்களும் சொல்லுங்கள்

பதினாறு மீட்டர் (வில்லியனூர்)

அடுத்த மாதம் நாங்கள் நான்கு பேர் மறுபடி இரவு டைவ் போவதாக இருக்கிறோம். அதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும், ஒரு வருடமாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

போன மார்ச். தேங்காய்த்திட்டில் படகு ஏறி, முகத்துவாரம் தாண்டி, ஊர் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிகிற தூரம் வரை போனோம். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். 16 மீட்டரில், மீன் சேரக் கடலடியில் போட்டிருக்கும் செயற்கைத் திட்டைச் சுற்றி அரை மணி நேரம் டார்ச் அடித்துக் களவாய், விலாங்கு எல்லாம் பார்த்தாகிவிட்டது. அப்புறம் கைடு எல்லோரையும் மணலில் மண்டியிட வைத்து, டார்ச்சை நெஞ்சோடு வைத்து மூடச் சொல்லி சைகை காட்டினார்.

முதலில் ஒன்றுமே தெரியவில்லை. என் நண்பனின் டைவ் கம்ப்யூட்டர் (ஆழமும் நேரமும் காட்டும் கருவி) வெளிச்சம் மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது, எரிச்சலாக வந்தது. அதுவும் அணைந்தபிறகு கையை ஆட்டினேன். விரல் நுனியிலிருந்து பொறி பொறியாகப் பறந்தது, மத்தாப்பூ மாதிரி, ஆனால் சத்தமும் சூடும் இல்லாமல். சிரித்துவிட்டேன், மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கும் கைடுக்கும் நடுவில் ஏதோ ஒன்று போனது. உடம்பு தெரியவில்லை, ஓரம் மட்டும் தெரிந்தது. முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் இருக்கும் நீளம், நீலமாகக் கோடு போட்ட மாதிரி ஒரு உருவம். வால் அடித்த மாதிரி ஒரு வெட்டு, அவ்வளவுதான், போய்விட்டது. டார்ச் போட்டால் வெறும் தண்ணீர், தூசி.

மேலே வந்து கேட்டால் கைடு எதையும் பார்க்கவில்லையாம், நண்பன் நான் கதை விடுகிறேன் என்கிறான். இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

தேவனாம்பட்டினத்தான்

அண்ணே, நீங்கள் காசு கட்டி, சிலிண்டர் மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்ததை நாங்கள் படகில் உட்கார்ந்தே பார்ப்போம். டைவ் எல்லாம் எனக்குத் தெரியாது. அப்பாவும் மாமாவும் ஃபைபர் போட் வைத்திருக்கிறார்கள், பன்னிரண்டாவது படிக்கும்போது லீவில் கூடப் போவேன்.

ஒரு நாள் இருட்டு, எட்டுப் பாகம், கிட்டத்தட்ட ஐம்பது அடி ஆழத் தண்ணீர். நான் அணியத்தில், படகின் முன்பக்கம், தூங்கிக்கொண்டிருந்தேன். மாமா எழுப்பி "பாருடா" என்றார். வலை மேலே வருகிறது, ஒவ்வொரு கண்ணியும் எரிகிறது. முடிச்சு முடிச்சாக, கடையில் தொங்கும் சீரியல் லைட் மாதிரி. அப்பாவின் முழங்கை வரைக்கும் ஒட்டிக்கொண்டு மின்னுகிறது, அவர் அதைத் துடைத்துவிட்டு இழுக்கிறார். எனக்கு வாய் மூடவில்லை. அப்பா முகத்தைப் பார்த்தால் கடுகடுவென்று இருக்கிறது. ஏனென்றால் வலையில் ஒன்றுமே இல்லை. மீனுக்கு நம்மைவிடக் கண் நன்றாகத் தெரியும், தீப்பிடித்த மாதிரி எரியும் வலையைப் பார்த்து எந்த மீனும் வந்து மாட்டாது என்றார். அன்றைக்குப் பாடு இல்லை, டீசல் காசு போச்சு. இன்ஸ்டாவில் யாராவது 'மேஜிக்' என்று வீடியோ போட்டால் எனக்கு அப்பாவின் அந்த முகம்தான் வரும்.

நீங்கள் பார்த்தது மீன்தான். அந்த மீனுக்குச் சொந்தமாக வெளிச்சம் கிடையாது, அது தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற இடமெல்லாம் மின்னும். கவலை மீன் கூட்டம் போனால் பாய் விரித்த மாதிரி ஒரே வெளுப்பு. பெரிய மீன் தனியாகப் போனால் கோடு. அதைப் பார்த்தே எங்கே வலை விடலாம் என்று மாமா சொல்வார்.

ஈசிஆர் பைக்

என் கதை அசிங்கம், இருந்தாலும் சொல்கிறேன். 2024 அக்டோபரில் சென்னையில் நீலாங்கரை, திருவான்மியூர்ப் பக்கம் அலை நீலமாக எரிகிறது என்று எல்லோரும் வீடியோ போட்டார்கள் இல்லையா, 18-ஆம் தேதி ராத்திரி. மறுநாள் சனிக்கிழமை, நானும் தம்பியும் பாண்டியிலிருந்து பைக்கில் கிளம்பிவிட்டோம், கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர். போனால் திருவிழாக் கூட்டம், எல்லோர் போனிலும் டார்ச். கடலே தெரியவில்லை, பக்கத்தில் நின்றவர் முதுகுதான் தெரிந்தது. ஒரு மணி நேரம் நின்றோம், சுண்டல் தின்றோம், திரும்பினோம்.

விடியற்காலை நான்கு மணிக்குத் தந்திராயன்குப்பம் வந்து, தூக்கம் கலைய முகம் கழுவலாம் என்று கல் கொட்டியிருக்கிற இடத்தில் இறங்கினேன். நிலா பளீரென்று அடிக்கிறது. ஆனால் கல்லுக்குப் பின்னால் நிழலில் தண்ணீரை அள்ளினால் உள்ளங்கையில் நான்கைந்து பொறி. நான்கைந்துதான். முகத்தில் அடித்துக்கொண்டேன், தம்பி "ண்ணா, உன் மீசையில எரியுது" என்று கத்தினான். நம் வீட்டிலிருந்து பத்து நிமிடம்! அதற்கு 300 கிலோமீட்டர் பெட்ரோல்.

அதனால் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: அத்தனை ஆயிரம் கொடுத்து 16 மீட்டர் கீழே போக வேண்டுமா? கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்தால் போதாதா?

வெள்ளாற்றங்கரை

பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவன். மேலே எல்லோரும் பார்த்தது பெரும்பாலும் நாக்டிலுகா. ஒற்றைச் செல் உயிர்தான், ஆனால் ஒரு மில்லிமீட்டர் வரை வளரும், கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் வெறும் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும். தண்ணீர் அசைந்தால் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பளிச்சென்று அடித்து அணையும்.

முதலாமாண்டில் நாங்கள் மூன்று பேர் பிளாங்டன் (தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள்) பிடிக்கும் வலையில் சிக்கியதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்தோம். லைட்டை அணைத்துவிட்டுத் தட்டினால் பாட்டில் முழுக்க நீலம். பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு தட்டு. பன்னிரண்டு மணி வாக்கில் மங்கியது, அப்புறமும் விடவில்லை, குலுக்கினோம். காலையில் பாட்டிலில் பழைய கஞ்சித் தண்ணீர் மாதிரி ஒன்று, மீன் அழுகிய வாடை. அதற்கும் சற்று நேரம் ஓய்வு கொடுத்தால்தான் மறுபடி ஒளிவிடும் என்று அடுத்த செமஸ்டரில் படித்தோம். ஏனோ இன்னும் அந்தப் பாட்டில் நினைவு போகவில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பொறி பொறியாக இருந்தால் ரசிக்கலாம். பகலில் கடல் பச்சைப் பெயிண்ட் கொட்டிய மாதிரி இருந்தால் அன்று ராத்திரி இறங்க வேண்டாம். நம் பக்கத்து நாக்டிலுகாவுக்குள் ஒரு பச்சைப் பாசி குடியிருக்கும், அந்த நிறம் அதனால்தான். அது மண்டினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அதன் உடம்பில் இருக்கும் அம்மோனியாவும் வெளியே வரும். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் மண்டபம் பக்கம் இப்படித்தான் மீன்கள் செத்து ஒதுங்கின.

குமிழி

நான் டைவ் போனவள்தான், கடலூர். எல்லோரிடமும் "சூப்பரா இருந்துச்சு" என்றுதான் சொல்லியிருக்கிறேன், இங்கே உண்மையைச் சொல்கிறேன்.

டார்ச்சை அணைக்கச் சொன்னார்கள். நான் மணலில் மண்டியிடவில்லை, கொஞ்சம் மிதந்துகொண்டிருந்தேன். இருட்டியதும் எது மேலே எது கீழே என்று புரியவில்லை. சும்மா சொல்லவில்லை, உடம்புக்கு நிஜமாகவே தெரியவில்லை. தலைகீழாக இருக்கிறேனோ என்று பயம் வந்து, மூச்சு வேகமாகி, டார்ச் ஸ்விட்சைத் தேடினால் கை கிடுகிடுவென்று ஆடுகிறது, ஆடுகிற கையைச் சுற்றி அழகாகப் பொறி வேறு பறக்கிறது. அழ வேண்டும்போல இருந்தது.

அப்போது மூச்சை விட்டேன். குமிழிகள் என் காதோரமாகப் போயின, போன வழியெல்லாம் மின்னிக்கொண்டே போயின, ஒரு கயிறு மாதிரி. ஓ, அதுதான் மேலே. அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு மூச்சு விட்டேன், பத்து பன்னிரண்டு மூச்சு. யாருக்கும் தெரியாது, பக்கத்தில் இருந்தவருக்குக்கூடத் தெரியாது. இன்னொரு முறை போவேனா என்றால், தெரியவில்லை.

200 பார்

மேலே ஒருவர் கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்தால் போதும் என்கிறார். அப்படியென்றால் மெரினாவில் கால் நனைத்தவர்கள் எல்லாம் டைவர்கள்தான். கரையில் பார்ப்பது வேறு, அதற்குள்ளே இருப்பது வேறு. என் கதை சின்னது: ஒரு முறை என் பட்டி (buddy, ஜோடியாக வரும் டைவர்) டார்ச்சை அணைத்தபின் நகர்ந்துவிட்டார், போட்டுப் பார்த்தால் ஆள் இல்லை. ஒரு நிமிடம் தேடி, முறைப்படி மேலே வந்தேன், அவர் படகில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

சரி, கேள்வி கேட்டவருக்கு. இரவு டைவ் என்றால் ஆளுக்கு இரண்டு டார்ச், ஒன்று கையில், ஒன்று பாக்கெட்டில். இரண்டுக்கும் அன்றைக்கே சார்ஜ் போட்டிருக்க வேண்டும், போன வாரம் போட்டேன் என்பது கணக்கில்லை. சிலிண்டர் தலையில் ஒரு குட்டி லைட், ஆனால் அதை எங்கே எப்போது மூடுவது என்று படகிலேயே பேசிவிடுங்கள், டைவ் கம்ப்யூட்டர் வெளிச்சமும் அப்படித்தான். சரி என்பதற்கு டார்ச்சால் மணலில் வட்டம் போட வேண்டும், முகத்தில் அடிக்கக் கூடாது, அடித்தால் இருட்டுக்குப் பழகிய கண் போச்சு, மறுபடி பழக இருபது நிமிடத்துக்கு மேலாகும். ஓபன் வாட்டர் என்ற ஆரம்பப் பயிற்சி மட்டும் முடித்தவர் என்றால் 18 மீட்டருக்குக் கீழே ஆசைப்படாதீர்கள். அதே இடத்தைப் பகலில் ஒரு முறை பார்த்துவிட்டு ராத்திரி போங்கள். அணைக்கும்போது மண்டி போட்டு, பட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அணையுங்கள், வெட்கப்படாதீர்கள், குமிழி அக்கா சொன்னது எல்லோருக்கும் நடக்கும், சொல்லமாட்டார்கள். காற்று பாதி ஆகும் முன்பே திரும்புங்கள். ஏறும் வழியில் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும் சேஃப்டி ஸ்டாப்பில் ஆங்கர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி அணையுங்கள், பல நேரம் அங்கேதான் அதிகம் மின்னும்.

அப்புறம், எல்லோரும் அமாவாசை அமாவாசை என்கிறீர்கள். தேவையில்லை. பௌர்ணமிக்குப் பிறகு நிலா ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட 50 நிமிடம் தாமதமாக எழும். ஐந்தாம் நாள் பத்து மணி வாக்கில்தான் வரும், ஏழு மணிக்கு இறங்கினால் நல்ல இருட்டு, ஏறும்போது படகில் நிலா வெளிச்சம். அமாவாசை அன்று ஓதம் (கடல் ஏற்ற இறக்கம்) அதிகம், ஓட்டம் இழுக்கும்.

வண்ண வண்ணமாக மினுக்கும் சீப்பு இழுதை (comb jelly, கண்ணாடி போன்ற உடம்புள்ள கடல் உயிர்) கண்டுவிட்டு 'பயோலுமினசன்ஸ்', அதாவது உயிரின் சொந்த ஒளி, என்று படம் போடுகிறவர்களுக்கும் ஒன்று: அந்த வானவில் உங்கள் டார்ச் வெளிச்சம் சிதறுவது. அதன் சொந்த ஒளி டார்ச்சை அணைத்தால்தான் தெரியும்.

தேவனாம்பட்டினத்தான்

200 பார் அண்ணே, மற்றதெல்லாம் சரி, ஓதக் கணக்கு நம் கரைக்குப் பொருந்தாது. இங்கே ஏற்ற இறக்கமே ஒரு மீட்டர் அளவுதான். வெளியே கடலில் இழுப்பது காற்றும் நீரோட்டமும். மாசி பங்குனியில் வடக்கே ஓடும், ஐப்பசி கார்த்திகையில் தெற்கே திரும்பும், திரும்புகிற சமயத்தில் கலங்கலாக இருக்கும். நாள்காட்டியைப் பார்ப்பதைவிட அன்று காலை துறைமுகத்தில் நின்று, வந்து இறங்குகிறவர்களிடம் "தண்ணி எப்படி" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

200 பார்

ராமேஸ்வரத்தில் நான் பார்த்தது வேறு.

தேவனாம்பட்டினத்தான்

அது ராமேஸ்வரம் அண்ணே.

ஈசிஆர் பைக்

மெரினாவில் கால் நனைத்தவன் என்ற முறையில் ஒன்று. நான் பார்த்தது பௌர்ணமி முடிந்து மூன்றாம் நாள் விடியற்காலை, நிலா நல்ல உயரத்தில். நிழல் இருந்தால் போதும், அமாவாசையும் வேண்டாம், ஐந்தாம் நாளும் வேண்டாம்.

பதினாறு மீட்டர் (வில்லியனூர்)

எல்லோருக்கும் நன்றி. நண்பன் டைவ் கம்ப்யூட்டருக்குத் துணி சுற்றச் சம்மதித்துவிட்டான். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் ஆரம்பிக்கும் முன்னால் போவதாக இருக்கிறோம், கேட்க ஆள் இருப்பார்கள் இல்லையா. குமிழி, கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் படகில் ஒரு இடம் இருக்கிறது.

தம்பி, அது மீன்தான் என்றால் என்ன மீன்? முழங்கை நீளம் இருக்கும்.

தேவனாம்பட்டினத்தான்

மாமாவிடம் கேட்டேன். அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்கிறார். வெளிச்சம் ஒரே இழுப்பாகப் போனதா, விட்டு விட்டுப் போனதா? மீன் என்றால் வால் பக்கம் அலைந்துகொண்டே கோடு நீளும். கணவாய் என்றால் தண்ணீரைப் பீய்ச்சிப் பின்பக்கமாகப் போகும், ஒரு பளிச், கொஞ்சம் இருட்டு, மறுபடி ஒரு பளிச். வால் அடித்ததை நிஜமாகவே பார்த்தீர்களா என்று கேட்கச் சொன்னார்.

பதினாறு மீட்டர் (வில்லியனூர்)

இரண்டு முறைதான் தெரிந்தது. நடுவில் இருட்டு. வால் என்று நானாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்போல.