ஏழு மாதம் பூட்டிக் கிடக்கப்போகும் மலை வீடு: கிளம்பும் முன் என்னென்ன செய்ய வேண்டும்?

மேட்டுவாசல்:

வணக்கம். மலையில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது. வெயில் காலத்தில் ஐந்து மாதம் அங்கே இருப்போம், மீதி ஏழு மாதம் பூட்டியே கிடக்கும். குளிர் முற்றினால் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகிற இடம்.

வீட்டைப் பூட்டுகிற வேலையை எப்போதும் என் மாமியார்தான் பார்ப்பார். கிளம்புவதற்கு முந்தின இரண்டு நாளும் எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அறை அறையாக அவரே சுற்றி வருவார். முந்தின வருடம் தவறிவிட்டார். எதையும் எழுதி வைக்கவில்லை. நாங்களும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

போன முறை நாங்களே பூட்டினோம். மெயின் சுவிட்சை அணைத்தோம், தண்ணீர் மெயின் வால்வை மூடினோம், கட்டில் சோபா மேலெல்லாம் பிளாஸ்டிக் ஷீட் போட்டோம். ஏழு மாதம் கழித்துக் கதவைத் திறந்தால் சாக்கடை நாற்றம். ஃப்ரிட்ஜைக் காலி செய்து துடைத்துத்தான் மூடியிருந்தோம், ஆனாலும் உள்ளே கறுப்பாகப் பூசணம், ரப்பர் மடிப்புக்குள்ளும் அதேதான். மெத்தையின் அடிப்பக்கம் ஈரம். வால்வைத் திறந்ததும் குளியலறைச் சுவருக்குள் தண்ணீர் சீறுகிற சத்தம். சுவரை உடைத்துப் பார்த்தபோது குழாய் ஒரு சாண் நீளத்துக்கு விரிந்து கிடந்தது.

அத்தை விட்டுப்போன சில பொருட்கள் இப்போதும் அங்கே இருக்கின்றன. குளியலறை அலமாரியில் வாசனையே இல்லாத, தண்ணீர் மாதிரி தெளிந்த எண்ணெய் ஒரு சின்ன பாட்டில். ஃப்ரிட்ஜ் மேல் துணி சுற்றிய ஒரு மரக்கட்டை. தேதியும் அதற்கு எதிரே ஒரு எண்ணும் மட்டும் வரிசையாக எழுதிய நோட்டு. அப்புறம், அவர் இருந்தவரை ஒவ்வொரு வருடமும் நாங்கள் போய்ச் சேரும்போது வீட்டுக்குள் இருக்கும் வால்வுகளின் கைப்பிடி எல்லாம் சாய்வாக, பாதியில் நிற்கும். இதெல்லாம் எதற்கு என்று யாருக்காவது தெரியுமா? அடுத்த மாதம் மறுபடியும் பூட்ட வேண்டும். இந்த முறை ஒழுங்காகச் செய்ய ஆசைப்படுகிறேன்.

திருப்புளி:

சகோதரி, இருபது வருடமாக விடுமுறை வீடுகளுக்குக் குழாய் வேலை பார்க்கிறேன். சீசன் முடிந்ததும் பூட்டித் தருவது, அடுத்த சீசனுக்குத் திறந்து தருவது, இதுதான் என் பிழைப்பு. உங்கள் மாமியார் வேலை தெரிந்தவர். நீங்கள் சொன்ன பொருட்களைப் படித்ததுமே புரிந்துவிட்டது.

வெடித்த குழாயிலிருந்து ஆரம்பிக்கிறேன். மெயின் வால்வை மூடினால் புதிதாகத் தண்ணீர் வராது, அவ்வளவுதான். குழாய்க்குள் ஏற்கெனவே நிற்கிற தண்ணீர் அங்கேயே நிற்கும். தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். ஒரு இடத்தில் ஐஸ் கட்டிக்கொண்டால், அதற்கும் மூடிய டேப்புக்கும் நடுவில் சிக்கிய தண்ணீருக்குப் போக வழி இல்லாமல் அழுத்தம் ஏறும். குழாய் கிழிவது அந்த அழுத்தத்தில். அதனால் மூடுவதோடு நிறுத்தக் கூடாது, வடிக்க வேண்டும்.

ஹீட்டரின் மின்சாரத்தை முதலில் நிறுத்துங்கள். இந்த வரிசை மாறவே கூடாது, தண்ணீர் இல்லாத தொட்டிக்குள் காயில் சூடேறினால் கருகிவிடும். கேஸ் ஹீட்டர் என்றால் கேஸை மூடுங்கள். தண்ணீர் ஆறியதும் மெயின் வால்வை மூடிவிட்டு, மேலே இருக்கிற டேப்பிலிருந்து கீழே இருக்கிறது வரை, வெந்நீர் பக்கம் உட்பட எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். ஹீட்டர் தொட்டியை அதன் வடிகால் வழியாகக் காலி செய்யுங்கள். ஃபிளஷ் டேங்கை ஒரு முறை இழுத்து, மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். ஷவர் ஹோஸைக் கழற்றித் தொங்கவிடுங்கள். வாஷிங் மெஷினுக்குப் போகிற ஹோஸிலும் அதன் பம்பிலும் தண்ணீர் தங்கும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். குழாய் சில இடங்களில் தாழ்ந்து போயிருந்தால் தானாக வடியாது, கம்ப்ரசர் வைத்து ஊதித்தான் வெளியேற்ற வேண்டும். அதற்கு மட்டும் ஒரு பிளம்பரைக் கூப்பிடுங்கள். வேலை முடிந்ததும் டேப்புகளைத் திறந்தபடியே விடுங்கள்.

வால்வு கைப்பிடி பாதியில் நின்றதற்குக் காரணம் இதுதான். பால் வால்வின் உள்ளே ஓட்டை போட்ட ஒரு உருண்டை இருக்கும். முழுக்கத் திறந்தாலும் முழுக்க மூடினாலும் உருண்டையைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் சிக்கிக்கொள்ளும், அது உறைந்தால் வால்வே விரிசல் விடும். பாதியில் நிறுத்தினால் அதுவும் வடிந்துவிடும். மெயினை மட்டும் முழுக்க மூடிவிட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் பாதியில் விட்டிருக்கிறார். என்னோடு வேலை செய்த பையன்களுக்கு இதைப் பழக்க எனக்கு இரண்டு சீசன் பிடித்தது.

அடுத்து எண்ணெய். சிங்க், வாஷ்பேசின், குளியலறைத் தரை ஓட்டை, இவற்றின் அடியில் வளைவாக ஒரு ட்ராப் இருக்கும். அதில் எப்போதும் நிற்கிற கொஞ்சம் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் விடாமல் தடுக்கிறது. ஆள் இல்லாத வீட்டில் சில வாரங்களில் அது வற்ற ஆரம்பித்துவிடும். வற்றிவிட்டால் நாற்றம் வரும், கரப்பான் பூச்சியும் அந்த வழியாகவே ஏறி வரும். தண்ணீர் மேல் இரண்டு மூன்று ஸ்பூன் மினரல் ஆயில் மிதந்தால் வற்றுவது ரொம்பவே குறையும். சமையல் எண்ணெய் வேண்டாம், சிக்குப் பிடித்துவிடும்.

ஒன்று கவனியுங்கள். எண்ணெய் வற்றாமல்தான் காக்கும், உறையாமல் காக்காது. தரைக்குள் ஆழமாக இருக்கிற ட்ராப் லேசில் உறையாது. வெளிச்சுவரை ஒட்டிய சிங்க், டாய்லெட் கோப்பை ஆகியவற்றில் புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த, குழாய்களுக்கென்றே விற்கிற உறைதடுப்புத் திரவத்தை ஊற்றுங்கள். கார் ரேடியேட்டருக்கு ஊற்றுவதை எடுத்துவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். அது விஷம், ஒரு நாய் நக்கினால் கூடச் செத்துப்போகும்.

கோரைப்பாய்:

மரக்கட்டையைப் பற்றி நான் சொல்கிறேன். ஃப்ரிட்ஜ் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க நடுவில் வைப்பது அது. எவ்வளவு துடைத்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். கதவை மூடிவிட்டால் அது போக இடமில்லை, காற்றும் இல்லை, பூசணத்துக்கு அதுவே போதும். கிளம்புவதற்கு முந்தின நாளே ஃப்ரிட்ஜை அணைத்து, ஃப்ரீஸர் முழுக்க உருகி வடிந்ததும் துடைத்து, ரப்பர் மடிப்புகளை விரலால் விரித்து உள்ளேயும் துடைத்துவிட்டு, கட்டையை வையுங்கள். யார் வீட்டுக் குழந்தையாவது அந்த வீட்டுக்குள் வர வாய்ப்பிருந்தால், கதவை அந்த இடைவெளியிலேயே கயிற்றால் கட்டிவிடுங்கள். குழந்தைகள் ஒளிந்து விளையாட உள்ளே போய்விடுவார்கள், அது உயிருக்கே ஆபத்து.

பிளாஸ்டிக் ஷீட்டைத் தயவுசெய்து நிறுத்துங்கள் அக்கா. மெத்தை ஈரமானதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பழைய பருத்திப் படுதா போதும். மெத்தையைச் சுவரில் ஒட்டாமல் நிமிர்த்தி வையுங்கள். அலமாரிக் கதவு, அறைக் கதவு, டிராயர் எல்லாம் திறந்தே இருக்கட்டும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் இழுத்து வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூசணம் வரும் என்று வைத்துக்கொள்ளலாம். கால்சியம் குளோரைடு டப்பாக்கள் உதவும், ஆனால் சில வாரங்களில் தண்ணீர் நிறைந்துவிடும், யாராவது வந்து மாற்றினால்தான் பயன்.

கம்பளித் துணிகளைத் துவைத்துக் காயவைத்துவிட்டு உள்ளே வையுங்கள். அந்துப்பூச்சியின் புழுவுக்கு வியர்வைக் கறை பட்ட கம்பளிதான் ரொம்பப் பிடிக்கும். சுவர்க் கடிகாரம், ரிமோட், டார்ச் எல்லாவற்றிலிருந்தும் பேட்டரியை எடுத்துவிடுங்கள். என் அப்பாவின் ரேடியோ ஒன்றை இப்படித்தான் இழந்தேன். பேட்டரி கசிந்து உள்ளே தகடெல்லாம் பச்சையாக அரித்துப்போயிருந்தது. அதில் எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

மேட்டுவாசல்:

உங்கள் இருவர் பதிலையும் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். எண்ணெய் விஷயம் வந்ததும், "அம்மா கடைசியாக ஒரு ஸ்பூனோடுதான் குளியலறையை விட்டு வெளியே வருவாங்க" என்றார். சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறார், எதற்கென்று தெரியாமலேயே.

நோட்டைப் பற்றி இன்னும் புரியவில்லை. வருடத்துக்கு நான்கு வரி இருக்கிறது. கிளம்பும்போது எழுதியது மூன்று, வந்ததும் எழுதியது ஒன்று. பெரும்பாலும் முதல் இரண்டு எண்களும் ஒன்றேதான், கடைசி இரண்டும் அப்படியே. இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரியை என்ன செய்வது? கேமரா வைக்கலாமா?

உச்சிவெயில்:

நோட்டில் இருப்பது தண்ணீர் மீட்டர் அளவு. நானும் எழுதுகிறேன். கிளம்புவதற்கு முந்தின இரவு எல்லா டேப்பையும் மூடிவிட்டு ஒரு அளவு, காலையில் யாரும் தண்ணீர் தொடுவதற்கு முன் ஒரு அளவு. முள் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால், மெயின் வால்வை மூடி வடித்து முடித்ததும் மூன்றாவதாக ஒன்று. திரும்பி வந்ததும் அதோடு ஒப்பிட்டால், இடையில் மெயின் வழியாகத் தண்ணீர் போனதா என்று தெரிந்துவிடும். மீட்டரிலிருந்து மெயின் வால்வு வரை பூமிக்குள் போகிற குழாயும் இந்தக் கணக்கில் வந்துவிடும்.

பேட்டரிக்கு வருகிறேன். லெட் ஆசிட் பேட்டரி சும்மா இருந்தாலும் மாதம் சில சதவீதம் சார்ஜ் இழக்கும். சார்ஜ் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டுப்போகும், குளிரில் உறையவும் செய்யும். முழுக்கச் சார்ஜ் ஏற்றி, டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்த்து, வயரைக் கழற்றி வையுங்கள். முடிந்தால் நடுவில் ஒரு முறை யாரையாவது சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள்.

கேமரா வைக்கலாம், ஆனால் மெயின் சுவிட்சை அணைத்தால் அதுவும் அணைந்துவிடும். ரௌட்டருக்கும் கேமராவுக்கும் தனி எம்சிபி (மின் பெட்டியில் ஒரு லைனுக்கு மட்டுமான சுவிட்ச்) ஒன்றை மட்டும் விட்டுவைத்து, மற்றவற்றை அணைக்க வேண்டும். எனக்குக் கேமராவை விட மாதம் ஒரு முறை உள்ளே போய் வருகிற ஆள்தான் முக்கியம். கூரை ஒழுகுவதும் எலி கடித்ததும் கேமராவுக்குத் தெரியாது, நாற்றமும் தெரியாது. பென்சில் நுழைகிற ஓட்டை இருந்தால் சுண்டெலி வந்துவிடும். குழாய் சுவருக்குள் போகிற இடங்களில் ஸ்டீல் வுல் (மெல்லிய இரும்பு நார்) திணித்துச் சிமென்ட் பூசுங்கள். கூரை வடிகாலில் இலை அடைத்திருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள்.

வீட்டுக்குக் காப்பீடு இருந்தால் பாலிசியை எடுத்து வாசியுங்கள். தொடர்ந்து 30 நாளோ 60 நாளோ ஆள் இல்லாவிட்டால் சில சேதங்களுக்குப் பணம் கிடையாது என்று பல பாலிசிகளில் இருக்கும். முன்கூட்டியே தெரிவித்தால் ஏதாவது வழி சொல்வார்கள்.

திருப்புளி:

திரும்பி வருகிற நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பாதிச் சேதம் அன்றைக்குத்தான் நடக்கும். மெயின் வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து, ஒருவர் வால்வருகே நிற்க, இன்னொருவர் அறை அறையாகச் சத்தம் கேட்டு வர வேண்டும். டேப்புகளிலிருந்து காற்று சீறி முடிந்து தண்ணீர் சீராக வந்த பிறகுதான் ஒவ்வொன்றாக மூட வேண்டும். வெந்நீர் டேப்பும் சீராக வந்தால்தான் தொட்டி நிறைந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஹீட்டரைப் போடுங்கள்.

அன்றைக்கே ஷவரில் குளிக்காதீர்கள். தேங்கிய தண்ணீரில், 25 முதல் 45 டிகிரி சூட்டில், லெஜியோனெல்லா என்கிற பாக்டீரியா வளரும். அது இருக்கிற நீர்த்திவலையைச் சுவாசித்தால் நிமோனியா வரலாம். வடித்து வைத்த குழாயிலும் அங்கங்கே கொஞ்சம் தங்கியிருக்கும். ஹீட்டரை 60 டிகிரிக்கு ஏற்றி, ஜன்னலைத் திறந்து வைத்து, ஷவர் தலையை ஒரு வாளிக்குள் இறக்கித் தெறிக்காமல் சில நிமிடம் ஓடவிடுங்கள். கொதிக்கிற சூடு, கையைத் தள்ளி வையுங்கள்.

அந்த நோட்டில் எழுத இடம் மிச்சம் இருந்தால் அதிலேயே தொடருங்கள் சகோதரி.

மேட்டுவாசல்:

இருக்கிறது அண்ணா, பாதி நோட்டுக்கு மேல் காலியாக இருக்கிறது. இடது பக்கம் எண்கள், வலது பக்கம் நீங்கள் மூவரும் சொன்னதை நானே கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். எண்ணெய் பாட்டிலில் கால் பங்குதான் இருக்கிறது, புதிது வாங்க வேண்டும். இந்த முறை பிள்ளைகள் இருவரையும் கூடவே அழைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போகப்போகிறேன்.