எபொகே: சமயவியல் சொல்லடைவுக்குத் தமிழ்ச்சொல் வேண்டும்

தருமபுரியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். சமயவியல் முதுகலை மாணவர்களுக்கான சொல்லடைவில் 'எபொகே' என்ற கிரேக்கச் சொல்லோடு நிற்கிறோம். பழைய கைப்பிரதியில் 'அடைப்புக்குறியிடல்' என்று இருக்கிறது. படிப்பவர்கள் அதை நிறுத்தக்குறிப் பாடம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். 1913இல் ஜெர்மன் மெய்யியலாளர் ஹுஸ்ஸெர்ல் இச்சொல்லைத் தம் மெய்யியலுக்கு எடுத்தாண்டார். 1933இல் டச்சுச் சமயவியல் அறிஞர் வான் டெர் லேயூ சமய ஆய்வுக்குக் கொண்டுவந்தார். தெய்வம் உண்டா, அருள் மெய்யா என்பதில் நம் முடிபைத் தள்ளிவைத்துவிட்டு, வழிபடுவோர் சொல்வதையும் செய்வதையும் பதிவதுதான் பொருள். 'முடிபொதுக்கம்' என்று வைக்கலாமா?

கிருஷ்ணகிரியிலிருந்து மறுமொழி:

ஐயா, வணக்கம். 'முடிபு' அருமையான தேர்வு. 'முடிவு' என்று போட்டால் இறுதி, சாவு என்றெல்லாம் இழுக்கும். சித்தாந்தம் என்றால் முடிந்த முடிபு என்று படித்தவர்களுக்கு 'முடிபு' சட்டெனப் பிடிபடும். 'தீர்ப்பு' வேண்டவே வேண்டாம். அது மாணவரைப் பஞ்சாயத்துத் திண்ணையில் ஏற்றி உட்கார வைத்துவிடும்.

'ஒதுக்கம்'தான் இடிக்கிறது. நம் பக்கத்தில் 'ஒதுக்கி வைத்தார்கள்' என்றால் ஒரு குடும்பத்தை ஊரோடு ஒட்டவிடாமல் தள்ளியதுதான் காதில் விழும். 'ஒத்திவைப்பு' என்றால் வாய்தா. அடுத்த தேதியில் தீர்ப்பு உண்டு என்றாகிவிடும். எபொகேயின் வேர்ப்பொருளே நிறுத்திப் பிடித்தல். ஆகவே 'முடிபுநிறுத்தம்'. வேலைநிறுத்தம், போர்நிறுத்தம் போல. வேலைநிறுத்தத்தில் வேலை ஒழிந்துபோவதில்லை, நின்றிருக்கிறது. வினையாக்கவும் வசதி: முடிபை நிறுத்திவைத்து எழுதுக.

சொல்லை விட, எதை நிறுத்துவது என்பதில்தான் மாணவர்கள் தவறுகிறார்கள். நம் மாவட்டங்களில் வேடியப்பனாக வழிபடப்படும் நடுகல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் வில், உடம்பில் தைத்த அம்பு, மேலே வட்டெழுத்து. தொறு (ஆநிரை) மீட்டுப் பட்டவனின், அதாவது அதில் உயிர்விட்டவனின், கல் என்பது வாசகம். மஞ்சளும் எண்ணெயும் படிந்து எழுத்தில் பாதி தெரியாது. ஒரு மாணவர் 'இது வேடியப்பன் அல்ல, வெறும் வீரக்கல்' என்று எழுதுகிறார். மறுத்துவிட்டார். இன்னொருவர் 'வேடியப்பன் மழை தந்தார்' என்கிறார். ஏற்றுவிட்டார். மூன்றாமவர் கல்வெட்டின் காலத்தைக்கூடச் சொல்லத் தயங்குகிறார். முடிபுநிறுத்தம் என்றால் எல்லாவற்றிலும் வாயை மூடுவது என்று நினைத்துவிட்டார். நிறுத்துவது தெய்வம் பற்றிய முடிபை மட்டும். எழுத்தமைதி, அரசனின் ஆட்சியாண்டு, பொங்கல் வைப்பவர் யார், கிடா வெட்டு எந்த நாளில், கோயில் நிலம் யார் பெயரில் என்பவற்றில் உறுதியாகவே எழுதலாம், எழுத வேண்டும். எழுத்தைப் படிக்க மஞ்சளைச் சுரண்டுவது மட்டும் கூடாது. பூசாரியிடம் கேட்டு, அபிஷேகத்துக்குக் கழுவும் நேரத்தில் சாய்வெளிச்சத்தில் படம் எடுக்கலாம்.

இன்னொரு சிக்கல் நம் மொழிக்கே உரியது. 'சாமி வந்ததாம்' என்று எழுதினால் அந்த 'ஆம்' கண்ணைச் சிமிட்டுகிறது. ஐயம் உள்ளே வந்துவிடுகிறது. 'என்று நம்புகிறார்கள்' என்பதும் அப்படித்தான்: நமக்குத் தெரியும், பாவம் அவர்கள் நம்புகிறார்கள் என்ற தொனி. 'என்றார்', 'என்கிறார்கள்' போதும். குறிப்பேட்டில் இப்படி இருக்கட்டும்: 'பம்பை அடி வேகமானது. அம்மாவின் தோள் நடுங்கியது. சாமி வந்துவிட்டது என்றார் பூசாரி.' கண்டது தனி வாக்கியம், கேட்டது தனி வாக்கியம். இரண்டையும் ஒன்றில் கட்டும்போதுதான் முடிபு நுழைகிறது.

ஓசூரிலிருந்து:

வணக்கம். முடிபுநிறுத்தத்துக்கு என் ஆதரவு. 'நடுநிலை' என்பதை இதற்கு ஈடாகப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரு கட்சிக்கு இடையே நிற்பது வேறு, வழக்கையே எடுக்காமல் இருப்பது வேறு. பக்கத்துச் சொற்களையும் பிரித்தாக வேண்டும். சமூகவியலாளர் பீட்டர் பெர்கர் 1967இல் சொன்னது 'முறையியல் நாத்திகம்': தெய்வம் ஒரு காரணியே இல்லை என்று கொண்டு விளக்குவது. சமயவியல் அறிஞர் நினியன் ஸ்மார்ட் அதை ஏற்காமல், தெரியாது என்ற நிலையிலிருந்து தொடங்கச் சொன்னார். அதற்கு 'முறையியல் அறியாமை' என்று கைப்பிரதியில் இருப்பது படுமோசம். ஆய்வாளரை அறிவிலி ஆக்குகிறது. 'முறையியல் அறியொணாமை' பொருந்துமா?

தருமபுரியிலிருந்து:

'முடிபொதுக்கம்' திரும்பப் பெறப்பட்டது. கிருஷ்ணகிரி அம்மா சொன்ன ஊர் ஒதுக்கம் எனக்குத் தோன்றவே இல்லை. பதிவு இப்படிப் போகிறது:

முடிபுநிறுத்தம் (பெ.): வழிபடுவோர் கூறும் தெய்வச் செய்தி மெய்யா பொய்யா என்ற முடிபை ஆய்வின்போது நிறுத்திவைத்தல். வரலாறு, சமூகம் பற்றிய முடிபுகளுக்கு இது பொருந்தாது.

ஒரே சொல்லாகச் சேர்த்தே எழுதுவோம். 'அறியொணாமை' சரியில்லை ஐயா. ஒருபோதும் அறியவே முடியாது என்று அதுவே ஒரு முடிபைச் சொல்லிவிடுகிறது. 'முறையியல் அறியாநிலை' என்று வைத்துப் பாருங்கள்.